அக்கா நாயோடு போன வழி

அக்கா இறந்த அன்று நாயைக் குளியலறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டோம். தாராவியிலிருந்தும் சீத்தா கேம்ப்பிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். சிலருக்கு நாய் என்றால் பயம். சிலருக்குத் துக்க வீட்டில் நாய் குறுக்கே நடப்பது ஆகாது. அது உள்ளேயிருந்து கதவைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. ஹாலில் பெண்கள் அழும் சத்தம், உள்ளே பிறாண்டும் சத்தம். எனக்கு இரண்டுமே பக்கத்து வீட்டில் நடப்பதுபோலக் கேட்டன.

"அழுதுருட்டி, நெஞ்சுக்குள்ள வெச்சுக்கிடாத" என்று அத்தை என் முதுகைத் தடவினாள். நானும் முயன்று பார்த்தேன். வரவில்லை. குளியலறையில் நாய்க்குத் தண்ணீர் வைத்தோமா என்றுதான் யோசனை ஓடியது.

அன்று காலையில் டீ போட்டுக்கொண்டிருந்த அக்கா, நெஞ்சு ஒரு மாதிரி அடைக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் ஆபீஸ் கிளம்பத் தலை சீவிக்கொண்டிருந்தேன். ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஜூன் மழை. ஆட்டோவின் ஓரத்திரை கிழிந்திருந்ததால் அவளுடைய ஒரு பக்கம் முழுக்க நனைந்திருந்தது. துடைத்துவிட்டேன்.

திலக் நகரில் இருக்கும் இந்தச் சின்ன ஃபிளாட் அக்கா வாங்கியது. நாங்கள் பிறந்து வளர்ந்தது தாராவியில். அப்பா அங்கே தோல் பைகள் தைக்கும் பட்டறை வைத்திருந்தார். அக்காவுக்கு அரசாங்க வேலை கிடைத்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்குக் கல்யாணம் ஆகி, அது சீக்கிரமே முறிந்து, ஒரு பெட்டியோடு அவளிடம் வந்தேன். அப்போதிலிருந்து நாங்கள் இரண்டு பேரும்தான். நான் ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். காலையில் போனால் இருட்டியபின்தான் வருவேன். அக்கா வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் நாய் வந்தது.

செம்பூர் மார்க்கெட்டில் காய்கறிக் குப்பைக்குள் கிடந்த குட்டி. வெளிர் செம்பட்டை நிறம், ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடங்கியிருக்கும். "ஒரு வாரம் வெச்சுட்டு யாருக்காச்சும் குடுத்துருவோம்" என்றாள். கொடுக்கவில்லை. பெயரும் வைக்கவில்லை. எங்கள் வீட்டில் ஆண்பிள்ளைகளைக் கூப்பிடுவதுபோல "ஏலே" என்றே கூப்பிட்டாள். அதுவும் அதற்கே திரும்பிப் பார்த்தது. நாய் டாக்டர் மராத்திக்காரர். பெயர் என்ன என்று அவர் கேட்டபோது, மேசையிலிருந்து குதிக்கப் பார்த்த குட்டியை அக்கா "ஏலே!" என்று அதட்டினாள். அவர் அதையே எழுதிக்கொண்டார். அன்று அவள் வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

நான் அந்த நாயோடு பெரிதாக ஒட்டவில்லை. நான் வரும்போது வாலை ஆட்டும். செருப்பைக் கழற்றி உயரத்தில் வைப்பேன், இல்லாவிட்டால் கடித்துவிடும். எங்களுக்குள் இருந்த உறவு அவ்வளவுதான்.

காரியமெல்லாம் முடிந்து, நெருளில் இருக்கும் தன் வீட்டுக்குத் திரும்பும் முன் அண்ணன் நாயைப் பற்றிப் பேச்சை எடுத்தான்.

"ஏட்டி, நீ காலையில போனா ராத்திரி வார. இத எவன் பாப்பான்? நாய்கள வெச்சுக் காப்பாத்துத எடம் இருக்குல்லா, அங்கன விட்டுருவோம். நானே வண்டி பிடிச்சுக் கொண்டு போறேன்."

"பாப்போம்ணே" என்றேன்.

பாசத்தினால் அல்ல. கொடுத்துவிடுவது என்றால் யாருக்காவது போன் செய்ய வேண்டும், வரச் சொல்ல வேண்டும், அது போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். சும்மா இருப்பது அதைவிட எளிதாக இருந்தது. அந்த நாட்களில் எல்லாவற்றையும் அப்படித்தான் செய்தேன். எதற்குக் குறைவாக அசைய வேண்டுமோ அதைச் செய்தேன்.

ஆனால் நாய் வைத்திருப்பவர்கள் சும்மா இருக்க முடியாது என்பது இரண்டே நாளில் தெரிந்தது. விடியும்போதே கட்டிலின் விளிம்பில் முகவாயை வைத்துக்கொண்டு என் முகத்துக்கு நேரே மூச்சு விடும். மழை கொட்டினாலும் வெளியே போயாக வேண்டும். குடையை ஒரு கையிலும் கயிற்றை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு, சாயம் போன எங்கள் கட்டடத்தின் பின்சந்தில் நிற்பேன். அது ஒவ்வொரு கம்பமாக முகர்ந்து பார்த்து, எதுவும் சரியில்லை என்பதுபோல அடுத்ததற்குப் போகும். பழைய செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நடக்க வேண்டும். திரும்பி வந்தால் ஈரநாய் நாற்றம் வீடு முழுக்க. துண்டால் துடைக்கப் போனால் துண்டைப் பிடுங்கி இழுத்து விளையாட்டுக் காட்டும். சாப்பாடும் பெரிய பாடு. கடையில் விற்கும் நாய்த்தீனியை முகர்ந்துவிட்டுப் போய்விடும். கோழி ஈரலும் சோறும் குழைய வேகவைத்து, சரியான சூட்டில் வைக்க வேண்டும். அதுவும் முதல் சில நாட்கள் தொடவில்லை. அக்காவின் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. பிறகு ஒரு நாள் நான் சாப்பிட்டு மிச்சம் வைத்த தயிர்சாதத்தைத் தட்டோடு தரையில் வைத்தேன். நக்கித் தீர்த்தது. நல்ல விஷயம்தான், சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

ஆபீஸுக்கு மறுபடி போகத் தொடங்கினேன். மதியம் வீட்டு வேலைக்கு வரும் பெண்மணி அதைக் கீழே ஒரு சுற்று அழைத்துப்போய்விட்டு வந்து விடுவாள். இரவு நான் வந்து இன்னொரு முறை. ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எதிர் ஃபிளாட்டுப் பெண், லிஃப்டுக்குள் என்னோடும் நாயோடும் ஏறியவள், இந்தியில் ஆரம்பித்தாள். ஏற்கெனவே அவளுக்கு நாய் லிஃப்டில் வருவது பிடிக்காது. சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு சொன்னாள்: "தினமும் சாயங்காலம் அஞ்சு மணி ஆனா கத்த ஆரம்பிக்குது. கதவைப் பிறாண்டிக்கிட்டு ஒரு மணி நேரம். என் மாமனாருக்குத் தூக்கம் கெடுது. சொசைட்டியில சொல்ல வேண்டி வரும், தப்பா நெனைக்காதீங்க."

"அக்கா அந்த நேரத்துக்குத்தான் வெளிய கூட்டிட்டுப் போவா" என்றேன்.

"தெரியும். பாத்திருக்கேன். ஆறரை ஆகும் திரும்பி வர" என்றாள். பிறகு அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "பாவம், அதுக்கு என்ன தெரியும்."

ஒன்றரை மணி நேரமா என்று அப்போதுதான் யோசித்தேன். எங்கள் பக்கத்தில் அவ்வளவு நேரம் நடக்க எங்கே இடம் இருக்கிறது?

அடுத்து வந்த விடுமுறை நாளில் வீட்டில் இருந்தேன். மழை விட்டிருந்தது. ஐந்து அடிக்கும் முன்பே நாய் எழுந்து போய் வாசலில் நின்றது. என்னைப் பார்த்தது, கதவைப் பார்த்தது, முன்கால்களை மாற்றி மாற்றித் தரையில் தட்டியது. கயிற்றை மாட்டினேன்.

காலையிலும் இரவிலும் என் இழுப்புக்கு வரும் நாய் அன்று என்னை இழுத்தது. பின்சந்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. கேட்டைத் தாண்டி, மெயின் ரோட்டைக் கடந்து, பழக்கடைகளை ஒட்டி நேராகப் போனது. தெருநாய்கள் இரண்டு குரைத்தன; கண்டுகொள்ளவில்லை. இளநீர் விற்பவர் என்னைப் பார்த்துவிட்டு, "மேடம் எங்க? ஊருக்குப் போயிருக்காங்களா?" என்று இந்தியில் கேட்டார். பதில் சொல்வதற்குள் நாய் என்னை அடுத்த தெருவுக்குள் கொண்டுபோய்விட்டது. லிஃப்ட் இல்லாத ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடம். வாட்ச்மேன் தடுக்கவில்லை, நாயைப் பார்த்துச் சிரித்தார். அது படிகளில் தாவி ஏறியது. இரண்டாவது மாடியில், கோல ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு கதவின் முன் உட்கார்ந்து, ஒரே ஒரு முறை குரைத்தது.

உள்ளேயிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது. "வரேன், வரேன். இத்தனை நாளா எங்க போயிட்டேள்? கோபம்னா இவ்வளவு கோபமா?"

இரும்பு வாக்கரைத் தள்ளிக்கொண்டு வரும் சத்தம். கதவு திறந்தது. எழுபதை நெருங்கும் ஒருவர். வேட்டி, அரைக்கைச் சட்டை, நெற்றியில் காலையில் இட்ட விபூதியின் மிச்சம். நாய் அவருடைய கால்களுக்கு நடுவே புகுந்து உள்ளே ஓடியது. அவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு நிமிர்ந்தார். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"நீங்க… தங்கைதானே? ஜாடை இருக்கு. அவ வரலையா? போன் பண்ணினா ஸ்விட்ச் ஆஃப்னே வர்றது. ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"அக்கா தவறிட்டா" என்றேன். "ஜூன் மாசம். ஹார்ட் அட்டாக்."

பேங்க்கிலும் கேஸ் ஏஜென்சியிலும் சொல்லிச் சொல்லிப் பழகிய அதே குரலில்தான் சொன்னேன். வேறு குரல் என்னிடம் இல்லை. அவர் வாக்கரைப் பிடித்தபடியே நின்றார். பிறகு, "உள்ள வாங்கோ" என்றார். நான் உள்ளே போய் உட்கார்ந்த பிறகும் அவர் நின்றுகொண்டுதான் இருந்தார்.

"நீங்களும் ஒக்காருங்க" என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

ஜன்னலோரம் இரண்டு பிரம்பு நாற்காலிகள். தரையில் மடித்துப் போட்ட ஒரு பழைய போர்வை. நாய் அதன்மேல் போய்ச் சுருண்டுகொண்டது. பக்கத்தில் ஒரு எவர்சில்வர் கிண்ணம். எங்கள் வீட்டு நாய்க்கு இங்கே ஒரு வீடு இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாமல் அக்காவுக்கும் ஒரு நாற்காலி இருந்திருக்கிறது. இதைப் பார்த்தால் அதிர்ச்சியோ கோபமோ வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

அவர் அழுதார். முகத்தை மூடிக்கொள்ளாமல், எதிரே ஒரு அந்நியப் பெண் இருக்கிறாள் என்று கூசாமல் அழுதார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அவ்வளவு பேர் அழுதபோது வராத ஒன்று அப்போது வந்தது. அதைப் பொறாமை என்றுதான் சொல்ல வேண்டும். இவரால் முடிகிறதே என்று நினைத்தேன்.

கொஞ்சம் அடங்கியதும் அவரே பேசினார். பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம், மாடுங்காவில் வளர்ந்தவர், ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ப் பல வருஷம் ஆகிறது. மகள் வெளிநாட்டில்.

"எப்படிப் பழக்கம்னு நீங்க கேக்கல. நானே சொல்றேன்" என்றார். "இவன் என்னைக் கடிச்சான்."

"யாரு, நாயா?"

"ஆமாம். மார்க்கெட்ல தெரியாம வாலை மிதிச்சுட்டேன். குட்டிதான், ஆனா குதிகால்ல நன்னாப் பதிச்சுட்டான். நான் பரவாயில்லைன்னுட்டுக் கிளம்பறேன், உங்க அக்கா விடல. 'ஊசி போடாம எங்க போறீங்க'ன்னு கையைப் பிடிச்சு ஆட்டோல ஏத்தினா. அந்த ஊசியெல்லாம் முடியற வரைக்கும் ஒவ்வொரு தடவையும் கூடவே வந்தா. எனக்குப் போறப்பல்லாம் பயம், அவ வரிசையில நின்னுண்டே ஆஸ்பத்திரி வாட்ச்மேனோட சண்டை போடுவா. எல்லா ஊசியும் முடிஞ்சப்போ, அடுத்த வாரத்துக்கு என்ன பண்றதுன்னு ஆயிடுத்து. டீ சாப்பிட வாங்கோன்னேன்."

அது நான்கு வருஷத்துக்கு முந்தைய கதை. இடையில் அவர் வழுக்கி விழுந்து இடுப்பில் ஆபரேஷன் ஆனது. படி இறங்க முடியவில்லை. அதற்குப் பிறகு அக்காதான் தினமும் இங்கே வந்திருக்கிறாள்.

"கடைசியா வந்தப்போ ஒரு சின்ன வாக்குவாதம். நான் இவனுக்கு ஜிலேபி போட்டுட்டேன். நாய்க்கு ஆகாதுன்னு கத்திட்டுப் போனா. அதான் வரலைன்னு நெனைச்சேன். ரெண்டு நாள் நானும் வீம்பா இருந்தேன். அப்புறம் போன் பண்ணினேன், பண்ணிண்டே இருந்தேன்." நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "உங்ககிட்ட சொல்லணும்னு சொல்லிண்டேதான் இருந்தா. ஒரு ஞாயித்துக்கிழமை உங்களையும் இங்க சாப்பிடக் கூட்டிண்டு வரேன்னா."

நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அன்று மட்டுமல்ல, இன்றுவரை கேட்கவில்லை. ஐந்திலிருந்து ஆறரை வரை அவள் இருந்த இடம் இது. அதற்கு மேல் தெரிந்துகொள்ள எனக்கு என்ன இருக்கிறது?

கிளம்பும்போது நாய் போர்வையை விட்டு எழவில்லை. நான் கயிற்றை இழுத்தேன். அது அவரைப் பார்த்தது.

"நாளைக்கும் வருவானா?" என்று கேட்டார்.

"எனக்கு ஆபீஸ்" என்றேன். பாதிப் படி இறங்கியவள் திரும்பி ஏறினேன். "காலையில ஆபீஸ் போறப்போ இங்க விட்டுட்டுப் போகட்டா? ராத்திரி வந்து கூட்டிட்டுப் போயிருதேன்."

அதையும் யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். எதிர் வீட்டுப் பெண்ணின் புகார் நிற்கும் என்பதுதான் அப்போது தோன்றியது.

அப்படியே நடந்தது. மதியம் கீழே ஒரு சுற்று அழைத்துப்போவதற்கு அந்தக் கட்டடத்து வாட்ச்மேனே ஒப்புக்கொண்டார். நான் இரவு போகும்போது, அன்று முழுக்க அது என்னென்ன செய்தது என்று பெரியவர் கதவிலேயே நின்று ஒப்பிப்பார். பூனையைக் கண்டு பயந்தது, அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டைக் கடித்தது, பக்கத்து வீட்டில் மீன் பொரித்தபோது வாசலை விட்டு நகர மறுத்தது. நான் "ம்" கொட்டுவேன். அண்ணனுக்கு விஷயம் தெரிந்து போன் செய்தான்.

"யாருட்டி அந்த ஆளு?"

"அக்காவுக்குத் தெரிஞ்சவரு."

"என்ன தெரிஞ்சவரு?"

"நாய் கடிச்சதுல தெரிஞ்சவரு" என்றேன். அவன் என்ன புரிந்துகொண்டானோ, பேச்சை மாற்றிவிட்டான்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் நாய்க்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் சாப்பிடவில்லை. மறுநாள் எழவே இல்லை. ஈறுகள் வெளுத்திருந்தன. உண்ணி கடித்து வருகிற காய்ச்சல் என்றார் டாக்டர். நான் வாரம் தவறாமல் சீவி எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். மழைக்காலத்தில் எங்காவது ஒன்று ஒளிந்துகொள்ளும் என்றார். ரத்தம் மிகவும் குறைந்திருக்கிறது, டிரிப்ஸ் ஏற்ற வேண்டும், பார்க்கலாம் என்றார். அந்தப் "பார்க்கலாம்" எனக்குப் பழக்கமானது. ஜூனில், அக்காவை ஆட்டோவிலிருந்து இறக்கும்போது ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர் அதே சொல்லைச் சொன்னார்.

ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, கிளினிக்கில் எவர்சில்வர் மேசையின் பக்கத்தில் நின்று அதன் முன்காலை அசையாமல் பிடித்துக்கொண்டேன். பெரியவருக்கு போன் செய்து, இன்று நாய் வராது, காரணம் இது என்று சொன்னேன். அவர் சரி என்று வைத்துவிட்டார். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கிளினிக் வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. வாட்ச்மேன் முதலில் இறங்கி வாக்கரை விரித்து வைத்தார். பின்னால் அவர் இறங்கினார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

"படி எறங்கினீங்களா?" என்றேன்.

"ஒக்காந்து ஒக்காந்து எறங்கினேன். கொழந்தை மாதிரி" என்றார்.

அவருக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். நாய் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது. வாலின் நுனி மேசையில் ஒரு முறை தட்டியது. அவர் அதன் காதைப் பிடித்துக்கொண்டார், நான் காலைப் பிடித்துக்கொண்டேன். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பூனை கூடைக்குள் கிடந்து விடாமல் கத்தியது. என் கை வலித்தது. போய்விட்டால் என்ன செய்வது என்று ஒரு முறை நினைத்துப் பார்த்தேன். உடலை எங்கே கொண்டுபோவது, யாருக்கு போன் செய்வது என்ற வரிசையில்தான் மனம் போனது. அழுகை அன்றும் வரவில்லை. ஆனால் கையை மட்டும் எடுக்கத் தோன்றவில்லை. நர்ஸ், "விடுங்க மேடம், இனிமே அசையாது" என்று சொன்ன பிறகும் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

பிழைத்துவிட்டது. மாத்திரைகள் பல வாரம் ஓடின. மாத்திரையை மறைத்துக் கொடுப்பதில் பெரியவர் கைதேர்ந்தவராகிவிட்டார். இட்லிக்குள், வாழைப்பழத்துக்குள், ஒன்றும் சரிவராத அன்று நெய்ச்சோற்று உருண்டைக்குள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அங்கேயே சாப்பிடுகிறேன். அவர் சமையலில் புளி கொஞ்சம் தூக்கல். அக்காவைப் பற்றி நாங்கள் அதிகம் பேசுவதில்லை. எப்போதாவது நாய் ஏதாவது செய்யும்போது, "அவ இருந்தா இப்போ கத்தியிருப்பா" என்பார். ஆமாம் என்பேன்.

சில நாட்களுக்கு முன்னால் ஹார்பர் லைனில் ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என் கறுப்புச் சல்வாரிலிருந்து ஒரு செம்பட்டை முடியைக் கிள்ளி எடுத்துக் காட்டினாள். "வீட்டில் நாய் இருக்கா?" என்று இந்தியில் கேட்டாள். அவளிடமும் இருக்கிறதாம். உடனே போனைத் திறந்து படங்களைக் காட்டத் தொடங்கினாள். சோபாவில் தூங்குவது, பிறந்தநாள் தொப்பி போட்டது, கோவாவில் கடலைப் பார்த்துப் பயந்தது. குர்லாவிலிருந்து வடாலா வரை காட்டினாள். பிறகு, "உங்களோடதைக் காட்டுங்க" என்றாள். என் போனில் ஒரு படம்கூட இல்லை. இல்லை என்றதும் அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் அதைப் பெரியவர் வீட்டில் விடப் போனபோது வாசலில் நிறுத்தி ஒன்று எடுத்தேன். சரியாக அந்த நேரம் பார்த்துக் கொட்டாவி விட்டுவிட்டது. படத்தில் முகமே தெரியவில்லை. பெரிய வாயும் மடங்கிய ஒரு காதும், ஓரத்தில் வாக்கரின் ஒரு காலும்தான் தெரிந்தன. இன்னொன்று எடுக்கலாம் என்று பார்த்தேன். அது உள்ளே போய்விட்டது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது, படி இறங்கினேன்.